வாழையின் வேரும் தண்டும்

வாழை, மூசா பேரினத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம் ஆகும். மரம் என வழங்கப்பட்டாலும் இது மரக்கட்டை உருவாகாத பெரிய பூண்டுத் தாவரமே. நிலத்தின் மேல் தண்டு போலத் தோன்றுவது இதன் உண்மையான தண்டு அன்று. உண்மைத் தண்டு கிழங்காக நிலத்தின் கீழ் உள்ளது. தேனி மாவட்டத்தில் பெரியகுளம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் வாழை முக்கியமான பணப்பயிர் ஆகும். கன்று தேர்வு முதல் நோய்த்தடுப்பு வரையிலான சாகுபடிப் பணிகள் இவ்வுடலமைப்பைப் பொறுத்தே அமைகின்றன.

கிழங்கு

கிழங்கின் கணுவிடைகள் மிகக் குறுகியவை. ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை தோன்றுகின்றது. கிழங்கு மாவுப்பொருளைச் சேமிக்கின்றது. அதன் உச்சியில் வளர்நுனி அமைந்துள்ளது. பக்க மொட்டுக்கள் வளர்ந்து கன்றுகளாகின்றன. கன்றுகள் இருவகைப்படும்:

ஈட்டிக்கன்று - குறுகிய இலைகளும் பருத்த கிழங்கும் உடையது, நடவுக்கு ஏற்றது.
நீர்க்கன்று - அகன்ற இலைகளும் சிறிய கிழங்கும் உடையது, நடவுக்குத் தவிர்க்கப்படுகின்றது.

ஒரு வாழை ஒருமுறை மட்டுமே குலை தள்ளும். அதன்பின் விடப்படும் கன்று மறுதாம்புப் பயிராக வளர்கின்றது.

பொய்த்தண்டு

இலைகளின் அடியுறைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி அமைவதால் உருவாவது பொய்த்தண்டு ஆகும். இதன் பெரும்பகுதி நீரே. பூக்கும் பருவம் வரை வளர்நுனி தரைமட்டத்திற்கு அருகிலேயே இருக்கின்றது. இதனால் இளம் வாழையின் மேற்பகுதியை வெட்டினாலும் மீண்டும் இலை துளிர்க்கின்றது. பூக்கும் பருவத்தில் உண்மைத் தண்டு நீண்டு, பொய்த்தண்டின் நடுவே மேலேறிப் பூங்கொத்தாக வெளிவருகின்றது. சமையலில் பயன்படும் வெண்ணிறமான வாழைத்தண்டு இதுவே ஆகும். வெளியுறைகளிலிருந்து வாழைநார் எடுக்கப்படுகின்றது.

வேர்

வாழைக்கு ஆணிவேர் இல்லை. கிழங்கிலிருந்து கயிறு போன்ற வேற்றிட வேர்கள் தோன்றுகின்றன. இவற்றிலிருந்து கிளைக்கும் மெல்லிய பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் நீரையும் கனிமங்களையும் உறிஞ்சுகின்றன. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணிலேயே, ஏறத்தாழ 40 செ.மீ. ஆழத்திற்குள் பரவுகின்றன. ஆகவே வாழைக்கு அடிக்கடி நீர் பாய்ச்ச வேண்டும். எனினும் நீர் தேங்கினால் காற்றோட்டமின்றி வேர்கள் அழுகும்.

காற்றினால் ஏற்படும் இழப்பு

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கினுள் விரைந்து வீசுகின்றது. ஆழமற்ற வேர்களும் கட்டையற்ற பொய்த்தண்டும் கொண்ட வாழை, குலையின் எடையும் சேரும்போது எளிதில் சாய்கின்றது. இதனைத் தடுக்க அடியில் மண் அணைத்து, கம்புகளால் முட்டுக் கொடுக்கின்றனர். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டும் வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் இப்பிடிப்பை மேலும் தளர்த்துகின்றன.

வாடல் நோய்

ஃபியூசேரியம் என்னும் மண்வாழ் பூஞ்சை வேர்வழியாக நுழைந்து, கிழங்கிலும் பொய்த்தண்டிலும் உள்ள நீர்க்கடத்து குழாய்களை அடைக்கின்றது. முதலில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி ஒடிந்து தொங்கும். பொய்த்தண்டின் அடிப்பகுதி வெடிக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்பு நிறம் காணப்படும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நடு அமெரிக்காவின் குரோசு மிசேல் வாழைத் தோட்டங்களை இந்நோய் அழித்ததால், அங்கு கேவண்டிசு வகைகள் இடம்பிடித்தன. அவை நோயின் முதலாம் இனத்தைத் தாங்குபவை எனக் கருதப்பட்டன. எனினும் கேவண்டிசு வகையான கிராண்ட் நைன் வாழையை அவ்வினம் தேனி மாவட்டத்தில் தாக்குவது 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது.

இப்பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்வாழும். நோயுற்ற கன்று, மண், பாசன நீர், கருவிகள் ஆகியவற்றால் நோய் பரவுகின்றது. திசு வளர்ப்புக் கன்றுகள் நோயற்றவையாகக் கிடைத்தாலும், நோயுள்ள மண்ணில் நட்டால் அவையும் பாதிக்கப்படும். எனவே நோயுற்ற தோட்டத்திலிருந்து கன்று எடுக்காதிருத்தலும், அங்கு பயன்படுத்திய கருவிகளைத் தூய்மை செய்தலும் அடிப்படைத் தடுப்பு முறைகள் ஆகும்.