உதவித்தொகையும் தொழில்திறனும்: தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிதியின் வரலாறு

மாற்றுத்திறனாளிகளுக்காக அரசும் தொண்டு நிறுவனங்களும் செலவிடும் பணம் இரண்டு வகைப்படும். ஒன்று, மாதந்தோறும் கையில் கிடைக்கும் உதவித்தொகை. அது அரிசிக்கும் மருந்துக்கும் ஆகும். அடுத்த மாதம் மீண்டும் வேண்டும். மற்றொன்று, பயிற்சிக்கும், கருவிக்கும், பயிற்றுநரின் சம்பளத்துக்கும், தொழில் தொடங்கும் கடனுக்கும் ஆகும் செலவு. அதன் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். தெரியத் தொடங்கினால் ஆயுள் முழுவதும் நிற்கும். முதல் வகை இல்லாமல் பல குடும்பங்களில் அடுப்பு எரியாது. ஆனால் அது மட்டுமே இருந்தால், இருபது வயதில் உதவி பெற்றவர் அறுபது வயதிலும் அதே வரிசையில் நிற்பார். இரண்டாம் வகை நிதி தமிழ்நாட்டில் எப்படி வளர்ந்தது என்பதையும், ஓசூர், உத்தனப்பள்ளி வட்டாரத்தில் இன்று அதன் தேவை என்ன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாளையங்கோட்டைப் பள்ளிகள்

தமிழ்நாட்டில் இதன் தொடக்கத்தைப் பாளையங்கோட்டையில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் அங்கே பள்ளிகளைத் தொடங்கினர். அக்காலத்தில் பார்வையற்றவர் என்றால் கோயில் வாசலில் கையேந்துபவர் என்றே ஊர் நினைத்தது. அப்பள்ளிகள் எழுத்தோடு கைத்தொழிலையும் கற்பித்தன. மிஷன் நன்கொடையில் நடந்தவை என்றாலும், அந்தப் பணம் தானமாகக் கைமாறவில்லை. ஆசிரியராகவும் பட்டறையாகவும் மாறியது.

வேலூர் தந்த பாடம்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரியச் செய்தார். உலகமே வியந்த மருத்துவம் அது. ஆனால் கை நேரான பிறகும் பலருக்கு வாழ்க்கை நேராகவில்லை. முன்பு கோணிய விரலைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலை கொடுப்பவரும் இல்லை. தம்மிடம் சிகிச்சை பெற்ற ஒருவரே இந்தக் குறையைச் சொன்னதைப் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதற்கு விடையாக 1950களின் தொடக்கத்தில் நவஜீவன நிலையம் என்ற குடியிருப்பு உருவானது. சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றனர். உணர்ச்சியற்ற விரல்களில் காயம் படாமல் உளியையும் ரம்பத்தையும் எப்படிப் பிடிப்பது என்பதும் பாடமாக இருந்தது. சிகிச்சைக்குச் செலவிட்ட பணம் வீணாகாமல் இருக்க, அதைத் தொடர்ந்து பயிற்சிக்கும் செலவிட வேண்டும் என்பதே வேலூர் காட்டிய பாடம்.

அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் இப்பாடத்தை இன்னும் விரிவாக்கினார். 1954இல் நடந்த சாலை விபத்தில் அவர் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்து வேலூரில் அதற்கெனத் தனித் துறையை நடத்தினார். 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒருவருக்குத் தரப்பட்ட பயிற்சி, பல தலைமுறை நோயாளிகளுக்குப் பயன்பட்டதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அரசின் திட்டங்களும் சட்டங்களும்

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1968இல் மும்பையிலும் ஐதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. பின்னர் சென்னை கிண்டியிலும் அத்தகைய மையம் வந்தது. 1974இல் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலேயே சேர்த்துக் கற்பிக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வகுக்கப்பட்டது. 1977இல் மத்திய அரசின் கடைநிலைப் பணிகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த 1981ஆம் ஆண்டில் செயற்கைக் கால், காது கேட்கும் கருவி போன்றவற்றை வழங்கும் மத்தியத் திட்டம் தொடங்கியது. 1995இல் முதல் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1997இல் குறைந்த வட்டியில் தொழிற்கடன் தருவதற்கெனத் தேசிய அளவில் ஒரு நிதிக் கழகம் அமைக்கப்பட்டது.

இப்போது நடைமுறையில் உள்ளது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. இடஒதுக்கீடு பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத பிரிவுகள் சில உண்டு. தொழிற்பயிற்சிக்கும் சுயதொழிலுக்கும் அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கத்தொகை தர வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. வீட்டுக்கும் தொழிலுக்கும் சலுகை விலையில் நிலம் ஒதுக்கும்போது 5 விழுக்காடு இவர்களுக்கு உரியது என்கிறது 37ஆம் பிரிவு. தொழிற்பேட்டைகள் பெருகும் மாவட்டங்களில் இம்மூன்றையும் ஊராட்சி உறுப்பினர்கள் முதல் பள்ளி ஆசிரியர்கள் வரை அறிந்திருப்பது நல்லது.

ஆய்க்குடி முன்மாதிரி

தென்காசி அருகே உள்ள ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கம் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வில் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். பள்ளி, ஆரம்பகாலச் சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. பெருநகரத்தில் அல்லாமல் கிராமத்தில், மாற்றுத்திறனாளிகளே முன்னின்று நடத்தியது இதன் சிறப்பு. பயனாளியாக இருப்பவரே நிர்வாகியாகவும் இருக்க முடியும் என்று அது காட்டியது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஓசூர்: ஆலைக்குள் கிடைத்த பயிற்சி

தென்கோடியிலிருந்து வட எல்லைக்கு வருவோம். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகார ஆலையை அமைத்தது. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். சுற்றுக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களை எடுத்துப் பயிற்சி தந்த அந்த ஆலை, தொடக்க காலம் முதலே மாற்றுத்திறனாளிகளையும் பணியில் சேர்த்தது. கடிகாரம் கோப்பது உட்கார்ந்து செய்யும் வேலை. அதற்குக் கூர்மையான பார்வையும் நிதானமான விரலும் போதும். கால் ஊனமோ காது கேளாமையோ தடையில்லை. ஆளுக்கேற்ற வேலையை ஆராய்ந்து பொருத்தினால், சலுகை என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

எல்லைக்கு அப்பால் பெங்களூருவில், போலியோவால் பாதிக்கப்பட்ட என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் தொழிற்பயிற்சியோடு தோட்டக்கலைப் பயிற்சியும் அளித்தது. ரோஜாவும் காய்கறியும் விளையும் ஓசூர் மண்ணுக்கு இது நன்றாகப் பொருந்தும் கல்வி.

உத்தனப்பள்ளியில் இன்றைய கேள்வி

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. கேழ்வரகும் தக்காளியும் பூவும் விளைந்த இப்பகுதியில், அண்மைக் காலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் போன்ற பெரிய ஆலைகள் வந்துள்ளன. புதிய சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் 2023இல் போராடினர்.

இந்த மாற்றம் மாற்றுத்திறனாளிகளைத் தனியாகப் பாதிக்கிறது. விவசாய வீட்டில் நடக்க இயலாதவருக்கும் ஒரு வேலை இருந்தது. பூத்தொடுப்பார், தக்காளியைத் தரம் பிரிப்பார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். கூலி இல்லாவிட்டாலும் வீட்டில் மதிப்பு இருந்தது. நிலம் கைமாறினால் அந்த வேலையும் போய்விடும். ஆலையில் உள்ள வேலைக்கோ பயிற்சிச் சான்று வேண்டும். ஏறக்கூடிய பேருந்து வேண்டும். சைகை மொழி அறிந்த மேற்பார்வையாளர் வேண்டும்.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிகிச்சைக்குப் பெங்களூரு, உதவித்தொகைக்குக் கிருஷ்ணகிரி என்று குடும்பங்கள் அலைகின்றன. நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை இந்த அலைச்சலைக் குறைத்தாலும், மாநிலத் திட்டங்கள் குடியிருப்பை வைத்தே வழங்கப்படுகின்றன.

கிராமங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: “பிள்ளை வேலைக்குப் போனா மாசப் பணம் நின்னுடுமா, சார்?” தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாகத் தரப்படும் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இது உறுதியான வருமானம், பயிற்சியோ நிச்சயமற்றது. உறுதியானதை விட்டு நிச்சயமற்றதைப் பிடிக்க அவர்கள் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. பயிற்சிக் காலத்திலும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டுகளிலும் உதவித்தொகை தொடரும் என்ற உறுதி இருந்தால் அத்தயக்கம் குறையும்.

ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறன் காப்பீட்டுத் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அன்றாட உதவி, திறன் வளர்ப்பு, கருவிகள் என ஒருவருக்கான நிதி அங்கே வகைவாரியாகப் பிரிக்கப்படுகிறது. திறன் வளர்ப்புக்கு ஒதுக்கியது அன்றாடச் செலவில் கரைந்துபோகாது. தமிழ்நாட்டிலும் உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுதவியுடன் 2022இல் ஒப்புதல் பெற்ற ‘உரிமைகள்’ திட்டம், சிகிச்சையையும் பயிற்சியையும் ஊருக்கு அருகே கொண்டுவர முயல்கிறது.

தன்னிறைவு என்பது சம்பளம் மட்டுமன்று. அறிவுசார் குறைபாடுடைய ஒரு பிள்ளை தானே குளித்து, சாப்பிட்டு, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வந்தால் அதுவும் தன்னிறைவே. தாய் தந்தைக்குப் பின் யார் என்ற கவலைக்கு அதுவே முதல் மருந்து. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். பாளையங்கோட்டையும் வேலூரும் ஆய்க்குடியும் ஓசூரும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: பணத்தோடு ஓர் ஆசிரியரும், ஒரு கருவியும், காத்திருக்கும் ஒரு வேலையும் சேர்ந்து வந்தபோதுதான் உதவி நிலைத்தது. உத்தனப்பள்ளியைச் சுற்றி ஆலைகள் எழுகின்றன. அவற்றில் வேலை கேட்டு நிற்கப்போகும் மாற்றுத்திறன் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சியை எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.