பதினான்கு கிலோமீட்டர்: திருச்சானூரும் வான்வழித் தொலைவும்

திருச்சானூர் பத்மாவதித் தாயார் கோயிலுக்கும் திருமலை வேங்கடவன் கோயிலுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இதனை ஒரு நிமிட அளவில் கடந்துவிடும். ஆயின், ஒரு காலத்தில் இத்தொலைவே அடிவாரத்தில் ஒரு கோயில் எழக் காரணமாயிற்று.

திருச்சானூரின் பழம்பெயர் திருச்சோகினூர். பல்லவ மன்னர் தந்திவர்மரின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, வேங்கடத்துப் பெருமானுக்காக இவ்வூரில் அமைந்த திருவிளங்கோயிலில் விளக்கெரிக்கச் சோழநாட்டார் ஒருவர் செய்த ஏற்பாட்டைக் கூறுகிறது. மூலக்கோயிலுக்கு மாற்றாக அமையும் கோயிலையும் ‘இளங்கோயில்’ என்னும் சொல் குறிக்கும். காடடர்ந்த மலையில் நாள்தோறும் ஏறி வழிபாடு நடத்துவது அரிதாயிருந்தமையால், மலைமேல் உறையும் இறைவனுக்கு அடிவாரத்தில் இம்மாற்றுக்கோயில் எழுந்தது என ஆய்வாளர் கருதுகின்றனர். சோழநாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு கொடை வந்து சேர்ந்தது. எஞ்சிய பதினான்கே கடினமாயிற்று.

இரு ஊர்களுக்கு இடைப்பட்ட நேர்க்கோட்டுத் தொலைவைத் துல்லியமாகக் கணிக்க, அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். அத்தகைய அளவைக்குத் தென்னிந்தியாவில் அடித்தளமிட்டவர் வில்லியம் லாம்டன். 1802இல் அவர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து, முக்கோண நில அளவையைத் தொடங்கினார். இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையம் அம்மலைக்கு அண்மையிலேயே உள்ளது. அங்கிருந்து ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையத்திற்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சாலைவழியோ 130 கிலோமீட்டருக்கும் மேல்.

தொலைவு மாறாதிருக்க, பயண நேரம் மட்டும் படிப்படியாகக் குறைந்தது. 1862இல் அரக்கோணத்திலிருந்து இருப்புப்பாதை ரேணிகுண்டாவை அடைந்தது. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 2015இல் திருப்பதி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2017இல் அது பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது.

எனினும், விமானப் பயண நேரத்தையும் தொலைவைக் கொண்டு மட்டும் கணித்துவிட இயலாது. ஐதராபாத்துக்கும் திருப்பதிக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மேற்கண்ட வேகத்தில் அரைமணி நேரமே போதும். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் காட்டும். ஓடுபாதைக்குச் செல்லல், மேலெழல், வேகம் குறைத்து இறங்கல் ஆகியவையும் அதில் அடங்குவதே காரணம். தொலைவு குறுகக் குறுக, பயண நேரத்தில் இவற்றின் பங்கு கூடும். ரேணிகுண்டாவில் இறங்கியபின் திருமலைக்கு மலைச்சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அலிபிரியிலிருந்து நடந்து ஏறுவோர் இன்றும் 3,550 படிகளைக் கடக்கின்றனர்.

பண்டைய வணிகம், யாத்திரை, படையெடுப்பு ஆகியவற்றை ஆராய்வோர் நிலப்படத்தில் இரு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து, ‘அருகிலுள்ள ஊர்கள்’ என முடிவுசெய்வது இன்று எளிது. அம்முடிவு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்குத் திருச்சானூரே சான்று. அக்கோடு இடைப்பட்ட மலையையோ காட்டையோ ஆற்றையோ காட்டாது. அவற்றைக் கடந்தோரின் உழைப்பையும் காட்டாது. அன்றைய மக்கள் உணர்ந்த தொலைவை அறிய, அவர்கள் விட்டுச்சென்ற கல்வெட்டுகளையே நாட வேண்டும்.