படப்பெட்டியும் வாடகைச் சினிமாவும்

தருமபுரி ஜில்லா சேலத்தினின்று பிரிந்தது 1965-ஆம் ஆண்டில். ஆயினும் சினிமா வியாபாரத்தார் கணக்கில், தீர்த்தமலை உள்ளிட்ட நம் பிரதேசம் இன்றளவும் 'சேலம் ஏரியா'வே என்பதை அன்பர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். படமெடுத்த முதலாளி ஒவ்வோர் ஏரியாவின் உரிமையையும் தனித்தனியே விநியோகஸ்தருக்கு விற்பார். அவர் கொட்டகைக்காரருக்குப் பங்குக்கோ வாடகைக்கோ கொடுப்பார். பிலிம் சுருள் வழங்கிய காலத்தில் பிரதிகள் சிலவேயாதலால், படப்பெட்டி முதலில் பட்டணத்துக்கும், பின் நகரங்களுக்கும் சென்று, தேய்ந்து கீறல் விழுந்த பின்னரே கீற்றுக் கொட்டகைகளை அடையும். மலையடிவாரத்தார்க்குக் கிட்டியது பெரும்பாலும் பழையதே.

ஆயினும் அப்பெட்டியை நாம் இகழ்தற்கில்லை. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இயந்திரம் வாங்கி ஊரூராய்க் கூடாரமடித்துப் படம் காட்டியிராவிடில், நாட்டுப்புறத்தார் சினிமாவைக் காண இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ!

நூறாண்டு நிலைத்த இவ்வரிசையை முதலில் அசைக்கத் துணிந்தவர் கமல ஹாசன். 2013-ல் தமது 'விசுவரூபம்' படத்தைக் கொட்டகைக்கு முன்னரே, 1000 ரூபாய் கட்டணத்தில், டி.டி.எச். வழியாக வீடுகளுக்கு அனுப்ப முனைந்தார். கொட்டகைக்காரர் ஒருமுகமாய் எதிர்த்தனர். கொட்டகைக்கே படம் முதலில் வந்தது. அன்று வென்றவர்களால் 2020-ல் வெல்ல இயலவில்லை. கொள்ளை நோயால் மார்ச்சு மாதத்தில் கொட்டகைகள் அடைபட, 'பொன்மகள் வந்தாள்' மே 29-ல் நேரே அமேசான் பிரைமில் வெளியாயிற்று. அந்நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடோமெனக் கொட்டகைக்காரர் சினந்தும் பயனில்லை. நவம்பர் 10-ல் கொட்டகைகள் திறந்தன. 12-ல் 'சூரரைப் போற்று' வந்தது, அதுவும் இணையத்திலேயே. கொட்டகையைக் காக்க வந்ததெனப் போற்றப்பட்ட 'மாஸ்டர்' 2021 ஜனவரி 13-ல் வெளியாகி, பதினாறே நாளில் வீட்டுக்குள் புகுந்தது.

இப்போது சந்தா கட்டியும் பார்க்கலாம்; தனிப்படத்துக்கு வாடகை கட்டியும் பார்க்கலாம். வாடகைப் படத்தை வழக்கமாக 30 நாட்களுக்குள் தொடங்கி, தொடங்கிய 48 மணி நேரத்துள் முடித்தல் வேண்டும். ஒரு குடும்பம் முழுதும் ஒரே வாடகையிற் பார்த்துவிடுகிறது. சென்னையில் வெளியாகும் அதே நிமிடத்தில் தீர்த்தமலையிலும் கீறலற்ற படம் கிடைப்பது, நம் அபிப்பிராயத்தில், நியாயமான லாபமே. ஆனால் அப்பணத்தில் டிக்கெட் கிழிப்பவருக்கும், சைக்கிள் ஸ்டாண்டு காவலருக்கும், இடைவேளையில் முறுக்கு விற்பவருக்கும் காசு ஏதுமில்லை. இணைய உரிமை ஏரியாவாய்ப் பிரித்து விற்கப்படுவதுமன்று. சேலம் விநியோகஸ்தரின் பெயர் அவ்வொப்பந்தத்தில் இடம்பெறுவதேயில்லை.