ராத்திரி வாசனை யாருக்கு?

இன்னிக்கு எபிசோட் ஒரு பூவைப் பத்தி. பகல்ல மூக்கை வச்சு முகர்ந்தாலும் ஒண்ணும் தெரியாது. இருட்டினதும் வீடே மணக்கும். பேரு பிராசவோலா நோடோசா. மத்திய அமெரிக்கப் பக்கத்து ஆர்க்கிட். வளர்க்கிறவங்க வச்ச செல்லப்பேர் 'இரவின் சீமாட்டி'. வேலை முடிஞ்சு ராத்திரிதான் வீட்டுக்கு வர்றவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பால்கனிச் செடி கிடைக்குமா?

ஆனா அந்த வாசனை கூப்பிடுறது நம்மளை இல்லை, அந்துப்பூச்சியை. இருட்டுல கலர் எடுபடாது. அதனாலதான் இப்படிப்பட்ட பூக்கள் பெரும்பாலும் வெளிர் நிறத்துல இருக்கு, மணத்தை வச்சே ஆளைக் கூப்பிடுது.

1862ஆம் ஆண்டு. மடகாஸ்கர் தீவின் வெள்ளை ஆர்க்கிட் ஒண்ணு சார்லஸ் டார்வின் கைக்கு வருது. இதுவும் ராத்திரியில மணக்கிறதுதான். பூவுக்குப் பின்னால வால் மாதிரி சுமார் 29 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழாய். தேன் அதோட அடியில. 'இதைக் குடிக்க அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி அங்கே இருந்தாகணும்'னார் டார்வின். பூச்சியியலாளர்கள் சிலர் கேலி பண்ணாங்க. 1882இல் அவர் இறந்துட்டார். 1903இல் அந்தப் பூச்சிக்கு அறிவியல் பேர் வச்சாங்க. பேர்லயே 'முன்கூட்டிச் சொல்லப்பட்டது'ங்கிற சொல் இருக்கு.

அதே காலத்துல இங்கிலாந்துப் பணக்காரங்களுக்கு ஆர்க்கிட் பித்து. ஆல்பர்ட் மில்லிகன்ங்கிற சேகரிப்பாளர் கொலம்பியாவுல தான் செஞ்சதை 1891இல் வந்த புத்தகத்துல அவரே எழுதியிருக்கார். ரெண்டு மாசத்துல சுமார் 10,000 செடி. அதுக்காக வெட்டின மரம் சுமார் 4,000!

விதை போட்டு வளர்க்க வேண்டியதுதானேனு கேப்பீங்க. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சேமிச்ச உணவு கிடையாது. காட்டுல ஒரு பூஞ்சை உதவினாதான் முளைக்கும். இதை 1899இல் கண்டுபிடிச்சவர் பிரான்சின் நோயல் பெர்னார்ட். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்துல முளைக்க வச்சார். இன்னிக்கு நர்சரிகள்ல கிடைக்கிற குட்டிச் செடிகளுக்குப் பின்னால இருக்கிறது அந்தக் கண்ணாடிக் குடுவைதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறினா கல்வராயன் மலை. அங்கேயும் மரக்கிளைகள்ல ஆர்க்கிட் ஒட்டி வளருது. இந்த மலைகளோட செடிகொடிகளை முறையாப் பதிவு செஞ்சவங்க திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைச் சேர்ந்த கே.எம்.மேத்யூ குழுவினர். 'தமிழ்நாடு கர்நாட்டிக்' தாவரத் தொகுதிகள் 1980களில் வந்துச்சு. மேற்கே பக்கத்து மலையான சேர்வராயன்ல, ஏற்காட்டுல, தாவரவியல் ஆய்வு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா 1963இலேயே ஆர்க்கிட் தோட்டம் அமைச்சது.

ஒரு செடியைக் கிளையிலிருந்து பிய்ச்சு எடுத்தா அது பால்கனியில பூக்கலாம், மணக்கவும் செய்யலாம். ஆனா அதைத் தேடி வர்ற பூச்சியும், விதை முளைக்க வேண்டிய பூஞ்சையும் மலையிலேயே நின்னுடும். அங்கே அதோட அடுத்த தலைமுறை அத்தோட முடிஞ்சிடும். அதனால செடி வாங்குறப்போ, 'இது லேப்ல வளர்த்ததா, காட்டுல எடுத்ததா?'னு ஒரு கேள்வி கேளுங்க. சரியா பதில் வரலைன்னா வாங்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!