குரங்கு, கைதி, கூலி: ஒரு பூச்சி மருந்தின் கதை

குரங்குக்குப் பூச்சி மருந்து கொடுப்பாங்கன்னு சொன்னா எங்க பரளச்சிப் பக்கம் சிரிப்பாங்க. கொடுத்தே ஆகணும்ங்க. காட்டுக் குரங்கு தினமும் மரம் மாறிப் போயிடும். கூண்டுக் குரங்கு கழிந்த இடத்திலேயே சாப்பிடணும். சாட்டைப்புழு முட்டை தரையில் கிடந்து திரும்பத் திரும்ப வயிற்றுக்குள் போகும். அதனால்தான் உயிரியல் பூங்காக்களில் மலத்தைப் பரிசோதித்து ஆல்பெண்டசோல், ஐவர்மெக்டின் கொடுக்கிறார்கள், வாழைப்பழத்துக்குள் ஒளித்து. பழத்தைத் தின்றுவிட்டு மருந்தை மட்டும் துப்புகிற கில்லாடிகளும் உண்டு!

அந்தக் காலத்தில் இதே போல ஒரு மருந்து குரங்கு வழியாக நம்ம ஜனங்களிடம் வந்தது.

அப்போது திருச்சுழி, அருப்புக்கோட்டை எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. மழை பொய்த்தால் கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஈர மண், வெறுங்கால், கக்கூஸ் கிடையாது. கொக்கிப்புழுவுக்கு இதைவிட என்ன வேணும்? பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி ரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலைக்கு ஆகாமல் போவார். "சோம்பேறி" என்று பட்டம் வேறு.

1916-ல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. அன்றைய மருந்து தைமால், நம்ம ஓமத்தில் இருக்கிற அதே சரக்கு. பட்டினி போட்டு, தைமால் கொடுத்து, பேதி உப்பும் கொடுக்கணும். படாத பாடு.

1921-ல் அமெரிக்கக் கால்நடை ஒட்டுண்ணி நிபுணர் மாரிஸ் ஹால், கார்பன் டெட்ராகுளோரைடு நாய்களின் கொக்கிப்புழுவை வெளியேற்றுவதைக் கண்டார். துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம் அது! 3 மில்லி தானே குடித்தும் பார்த்தார். குரங்குகளுக்குக் குழாய் வழியாகத் திரும்பத் திரும்பக் கொடுத்து நச்சுத்தன்மையைப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1922-ல் வெளிவந்தது.

அதே 1922-ல் இலங்கையில் தூக்குத்தண்டனைக் கைதிகளுக்குக் கொடுத்து, தூக்கிலிட்ட பிறகு கல்லீரலை அறுத்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையாகவே இருக்கிறது. தூக்குக் கொட்டடியில் "சம்மதம்" கேட்டிருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மருந்து மலிவு, ஒரே வேளை, புழுவும் விழுந்தது. ஆனால் கல்லீரலை அடிக்கும், குடிப்பவர்களை இன்னும் மோசமாக. மரணங்கள் பதிவாகின. ராமேஸ்வரம் வழியில் மண்டபம் முகாமில் இலங்கைக்குப் போகிறவர்களைத் தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழு மருந்தும் கொடுத்தே கப்பல் ஏற்றினார்கள். குடிக்கமாட்டேன் என்று சொல்கிற நிலையிலா இருந்தார்கள் அந்த ஜனங்கள்?

1925-ல் ஹாலே சற்றுப் பாதுகாப்பான டெட்ராகுளோரோஎத்திலீனைக் கொண்டுவந்தார். இப்போ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற 400 மில்லிகிராம் ஆல்பெண்டசோல் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. அதுவும் முதலில் ஆடு மாடுகளுக்கு வந்த மருந்துதான்.