ஒரே சாயலாய்த் தோன்றும் முகங்கள்

அயலினத்தார் பலரை ஒருங்கே காணும்போது, ‘இவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல் இருக்கின்றனரே!’ என்று நாம் வியப்பதுண்டு. அவர்களும் நம்மைக் கண்டு அவ்வாறே வியக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த இனத்து முகங்களிலும் வேற்றுமைக்குக் குறைவில்லை. குறை நாம் காணும் முறையில்தான் உள்ளது. அற்பமாகத் தோன்றும் இக்குறைக்கு மனிதர் கொடுத்த விலை பெரிது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு நகரம் உண்டு. 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் இரவு, ஜெனிஃபர் தாம்சன் என்னும் 22 வயது வெள்ளையின மாணவியின் இல்லத்துள் நுழைந்த கறுப்பின இளைஞன் ஒருவன் அவரை வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அக்கொடிய வேளையிலும் அவர் மனம் தளரவில்லை. பின்னர் அடையாளம் காட்ட வேண்டும் என்ற உறுதியுடன் அவன் முகத்தை உற்று நோக்கி நெஞ்சில் பதித்துக்கொண்டார். காவலர் காட்டிய நிழற்படங்களுள் ரொனால்டு காட்டன் என்பவரின் படத்தைத் தேர்ந்தார். அடையாள அணிவகுப்பிலும் அவரையே சுட்டினார். 1985இல் காட்டன் ஆயுள் தண்டனை பெற்றார்.

உண்மைக் குற்றவாளி வேறொருவன். பாபி பூல் என்பது அவன் பெயர். 1987இல் நடந்த மறு விசாரணையின்போது அவனை நீதிமன்றத்தில் நேரில் நிறுத்தினர். ஜெனிஃபரோ, தாம் அவனைக் கண்டதே இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் அப்போது நிலைத்திருந்தது காட்டனின் முகமே. 1995இல் மரபணுச் சோதனை உண்மையை வெளிப்படுத்தியது. பத்தரை ஆண்டுகள் சிறையில் கழித்த பின் காட்டன் விடுதலையானார்.

இப்பிழைக்கு இன வேற்றுமை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நடுக்கமும், முதல் அடையாளத்தைக் காவலர் பாராட்டி உறுதிப்படுத்திய முறையும் அதில் பங்கு கொண்டன. எனினும், வேற்றினத்தவரின் முகத்தை நினைவில் கொள்வதில் நாம் தடுமாறுகிறோம் என்பது ஆய்வாளர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. 1914லேயே ஃபைன்கோல்டு என்ற அறிஞர், பழக்கம் குறைந்த இனத்தவர் நம் கண்ணுக்கு ஒரே சாயலாய்த் தோன்றுவர் என்று எழுதினார். 1969இல் மால்பாஸ், கிராவிட்ஸ் இருவரும் கறுப்பின, வெள்ளையின மாணவர்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். 2001இல் மெய்ஸ்னர், பிரிகாம் ஆகியோர் முப்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, காணாத முகத்தைக் கண்டதாகக் கூறும் பிழை வேற்றினத்தவர் முகங்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி எனத் தெரிந்தது.

இது பிறவியிலேயே அமைந்த குறையா? அன்று. கொரியாவில் பிறந்து, சிறு வயதில் தத்தெடுக்கப்பட்டு, பிரான்சு நாட்டில் வெள்ளையினக் குடும்பங்களில் வளர்ந்தவர்களை ஆராய்ந்த முடிவு 2005இல் வெளியாயிற்று. அவர்கள் ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்கு நினைவுகொண்டனர். எவரிடையே வாழ்கிறோமோ அவர்களைப் பிரித்தறியவே நம் கண் பயில்கிறது.

பழக்கம் மட்டுமன்று, மனத்தின் பாகுபாடும் இதில் வேலை செய்கிறது. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், அமெரிக்க மாணவர்களுக்குத் தம் இனத்து முகங்களே காட்டப்பட்டன. சில முகங்கள் தம் பல்கலைக்கழகத்தாருடையவை என்றும், பிற வேறொரு பல்கலைக்கழகத்தாருடையவை என்றும் கூறப்பட்டது. நிறத்தில் வேற்றுமை சிறிதுமில்லை. ஆயினும் ‘நம்மவர்’ எனப்பட்ட முகங்களே நினைவில் நன்கு நின்றன. ‘அயலார்’ என்று மனம் முத்திரையிட்ட அளவில் கண் தன் பணியைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறது. குழுவைக் கண்டபின் ஆளைக் காண்பதில்லை.

இவ்வுண்மையை நீதித்துறையும் உணரத் தொடங்கியது. வேற்றினத்தவரை அடையாளம் காட்டும் சாட்சியம் பற்றி நடுவர் குழுவை எச்சரிக்க வேண்டிய வழக்குகள் உண்டு என்று 1999இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஜெனிஃபரிடம் பகைமையோ வஞ்சமோ இல்லை. உறுதியும் நேர்மையுமே இருந்தன. ஆகவே நல்லெண்ணம் மட்டும் நம் கண்ணைத் திருத்திவிடாது.

1997இல் ஜெனிஃபர் ஒரு தேவாலயத்தில் காட்டனைச் சந்தித்து மன்னிப்பு வேண்டினார், அவரும் மன்னித்தார். பின்னர் இருவரும் இணைந்து, தம் வரலாற்றை 2009இல் நூலாக வெளியிட்டனர். அடையாளம் காணும் முறைகளைத் திருத்த ஊர் ஊராகச் சென்று பேசினர். ஒருகாலத்தில் அவர் நெஞ்சில் குற்றவாளியின் முகமாய் நின்றது, இப்போது பெயரும் குரலும் துயரமும் உடைய ஒரு நண்பரின் முகமாயிற்று. நாம் ‘அவர்கள்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடும் மக்களுள் எத்தனை பேரை இவ்வாறு ஒருவர் ஒருவராக அறிந்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நமக்கு நலம்.