நம்ம ஊர் லொறியில் முதலில் தேய்வது எது?

 

போன மாதம் தரம் எட்டுப் பிள்ளைகளிடம், "வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டு வாருங்கள், அதை வைத்து வரலாறு படிப்போம்" என்று சொல்லியிருந்தேன். பித்தளைச் செம்பு வந்தது, வெள்ளைக்காரன் காலத்துச் சதம் வந்தது, பாட்டியின் கொழுந்துக் கூடைக் கயிறு வந்தது. ஒரு பையன் மட்டும் பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு பிரேக் லைனர் கொண்டுவந்தான். வளைந்த, கறுத்த துண்டு. ரிவெட் ஆணி இரண்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. "சேர், இது போன கிழமை அவன் அப்பா லொறியில் கழற்றினது. இது எப்படிப் பழைய பொருள்?" என்று ஒருவன் கேட்டான்.

எனக்கும் உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கந்தப்பளைக்கு ஒரு காலத்தில் கோச்சி வந்தது. வயதானவர்களுக்குத் தெரியும், இளசுகள் பலருக்குத் தெரியாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை 1903இலும், அங்கிருந்து நம் ஊர் வழியாக இராகலை வரை 1904இலும் போட்ட பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. தேயிலைப் பெட்டிகள் கீழே போயின. அரிசியும் உரமும் மேலே வந்தன. 1940களோடு அது மூடப்பட்டது. அதைத் தோற்கடித்தது லொறியும் பஸ்ஸும்தான். பக்டரி வாசலுக்கே வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிற லொறி இருக்கும்போது, ஸ்டேஷன் வரை சுமந்துபோய் ஏற்றி, நானுஓயாவில் பெரிய கோச்சிக்கு மாற்றி ஏற்ற யாருக்குப் பொறுமை?

அன்றிலிருந்து நம் கொழுந்து, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, நோயாளி, பிள்ளைகள் எல்லாம் ரோட்டை நம்பியே இருக்கிறோம். ரோட்டை நம்புவது என்றால், இறக்கத்தில் பிரேக்கை நம்புவது.

ஒரு சின்னக் கணக்கு. பத்துத் தொன் எடையுள்ள மரக்கறி லொறி ஒன்று இங்கிருந்து கம்பளைக்கு இறங்கினால், உயர வித்தியாசம் சுமார் 1,400 மீற்றர். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தியைக் கணக்குப் போட்டால், 400 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கினால் என்ஜின் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவரின் வண்டியில் அத்தனை சூடும் அந்தக் கறுத்த துண்டுகளுக்குள்தான் போக வேண்டும்.

அந்தத் துண்டைக் கண்டுபிடித்ததும் ஒரு மலைநாட்டுக் கதைதான். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்றொருவர் இருந்தார். இறக்கத்தில் குதிரை வண்டிகளை நிறுத்த மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்திப் படும் பாட்டைப் பார்த்து, அதைவிட நன்றாகப் பிடிக்கிற பொருளைத் தேடினார். 1897இல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ. தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு வைத்த பெயர். இன்றும் கடையில் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். முதலில் பருத்தி நெசவில்தான் செய்தார். மோட்டார் வண்டிகளின் சூட்டைப் பருத்தி தாங்கவில்லை. அதனால் 1908இல் அஸ்பெஸ்டஸ் வந்தது. அது தீயைத் தாங்கியது, ஆனால் அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கியது. பிரித்தானியா 1999இல் அஸ்பெஸ்டஸை முழுதாகத் தடை செய்தது. பழைய சரக்கு இன்னும் எங்கே எல்லாம் ஓடுகிறதோ! கராஜில் வேலை செய்யும் தம்பிமாருக்கு ஒன்று: டிரம்மைக் கழற்றியதும் எயார் பைப்பால் தூசை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. சமதரையில் ஓடுகிற வண்டியில் பில்டரும் டயரும் அடிக்கடி மாறும். நம் பக்கம் கராஜ் மூலையில் குவிந்து கிடப்பதைப் பாருங்கள்: லைனர், க்ளட்ச் பிளேட், உடைந்த ஸ்பிரிங் பட்டை. இறக்கம் லைனரைத் தின்கிறது, ஏற்றம் க்ளட்ச்சைத் தின்கிறது, தோட்டத்து ரோட்டுக் குழி ஸ்பிரிங்கை உடைக்கிறது. அந்தக் குவியலைப் பார்த்தே ஊரின் பூகோளத்தைப் படிக்கலாம்.

லைனர் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்தால், இரும்பும் இரும்பும் உரசுகிற கரகர சத்தம் கேட்கும். டிரம்மில் கோடு விழுந்துவிடும். அதற்குப் பிறகு லைனரை மட்டும் மாற்றினால் போதாது, டிரம்மையும் லேத்தில் போட வேண்டும். அக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை என்றால் க்ளட்ச் பிளேட். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் எலைன்மன்ட்டையும் டை ரொட் என்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் மறக்கிற ஒன்று பிரேக் ஓயில். பட்டா, எல்ஃப், கென்டர், வேன், ஓட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்று எழுதிய ஓயில் புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தினால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. பாதி வருடம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற ஊர் நம்முடையது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை மாற்றாமல் இறங்காதீர்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல இறக்கத்தில் ஒரு பஸ், ஒரு வேன், ஒரு ஓட்டோ. 7 பேர் போய்விட்டார்கள். யார் பிழை என்பது நான் சொல்ல வேண்டியதல்ல. ஆனால் அந்தப் பாதையை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை.

பாகங்கள் கிடைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1958இல் பஸ்கள் தேசியமயமாகின. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்தது. ஒரு பாகம் போனால் புதிது வராது. இருப்பதை ஒட்டி, அடித்து, வேறு வண்டியில் கழற்றிப் பூட்ட வேண்டும். நம் நாட்டு பாஸ்மார்களின் கைத்திறமைக்கு அந்தக் காலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் பழைய வண்டிகள் வந்தன, அவற்றைப் பிரித்த சாமான்களும் வந்தன. கொழும்பில் பஞ்சிகாவத்தை என்றால் தெரியாத சாரதி உண்டா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தொட்டது. புது லொறி வாங்க நினைத்தவர் பழைய லொறியையே ஓட்டினார், பழைய லொறிக்குப் பாகமும் வாங்க முடியவில்லை. 2025இல்தான் தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கின. இந்த இடைவெளியில்தான் போலிச் சாமான் நன்றாகப் புகுந்தது. எனக்கே ஒரு கடையில் ஒரிஜினல் பெட்டிக்குள் போலி பேட் கொடுத்தார்கள். பெட்டியைப் பார்த்தேனே தவிர பேட்டைப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் தேய்ந்து போனது.

அதனால் பெட்டியைப் பார்க்காதீர்கள், சாமானைப் பாருங்கள். பல லைனர்களின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து இருக்கும்: ஈ ஈ, எஃப் எஃப், ஜீ ஜீ என்று. முதல் எழுத்து ஆறியிருக்கும்போது எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது சூடான பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பது. ஈயைவிட எஃப், எஃப்பைவிட ஜீ கூடுதலாகப் பிடிக்கும். நமக்கு முக்கியம் இரண்டாவது எழுத்து. ஆனால் உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்டதையே போட வேண்டும், கூடப் பிடிக்கிறது என்று கண்டதையும் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அகலம், கனம், ஓட்டை எண்ணிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பையனின் லைனரை வகுப்பு மேசையில் செம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நம் பழைய கோச்சிப் பாதையின் தண்டவாள ஆணியோ, ஸ்டேஷன் படமோ, ஒஸ்டின், பெட்போர்ட் காலத்து லொறிச் சாமானோ யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.